கணினியின் சாவி யாரிடம்? புதுக்கோட்டை மாவட்டமும் ஆளில்லாத் தொலை அணுகலும்

மணமேல்குடியில் ஒரு கடையின் பில் போடும் கணினி நின்றுபோனால், அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் பெரும்பாலும் புதுக்கோட்டையிலோ திருச்சியிலோ இருக்கிறார். அறந்தாங்கி வழியாக மாவட்டத் தலைநகருக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பொன்னமராவதிக்காரருக்கும் விராலிமலைக்காரருக்கும் 40 கிலோமீட்டர் அளவில் பயணம். 4,663 சதுர கிலோமீட்டரில் 13 ஊராட்சி ஒன்றியங்களாகப் பரந்து கிடக்கும் மாவட்டம் இது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 16 லட்சத்துக்குச் சற்று மேல். பழுதுபார்ப்பவர் பேருந்தேறிப் போய் வந்தால் ஒரு நாளில் இரண்டு ஊரைப் பார்ப்பதே பெரிது. "ஐடி சொல்லுங்க, ரிமோட் எடுத்துப் பாக்குறேன்" என்ற வாசகம் இங்கே அன்றாடப் பேச்சாகிவிட்டதற்கு இந்தத் தூரம்தான் காரணம்.

ரிமோட் எடுப்பதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், கணினியின் முன் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மென்பொருளைத் திறந்து, திரையில் தெரியும் எண்ணையும் அந்த நேரத்துக்கு மட்டும் செல்லும் கடவுச்சொல்லையும் தொலைபேசியில் சொல்வார். மறுமுனையில் இருப்பவர் நுழைவார், வேலை முடிந்ததும் வெளியேறுவார், கடவுச்சொல் மாறிவிடும். இரண்டாவது வகையில் யாரும் இருக்க வேண்டியதில்லை. மென்பொருள் விண்டோஸ் கிளம்பும்போதே, யாரும் உள்நுழைவதற்கு முன்பே, பின்னணியில் ஓடத் தொடங்கிவிடும். அதற்கென்று நிரந்தரக் கடவுச்சொல் ஒன்று இருக்கும். அது யாரிடம் இருக்கிறதோ அவர் இரவு இரண்டு மணிக்கும் உள்ளே வரலாம். இதைத்தான் ஆளில்லாத் தொலை அணுகல் என்கிறோம். இந்தக் கட்டுரையின் பொருள் இந்த இரண்டாவது வகை.

தொலைவிலிருந்து கணினியை இயக்குவது புதிய யோசனை இல்லை. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்ட பிறகு, 1995-இல் டாடு இலோனென் எஸ்.எஸ்.எச். முறையை எழுதினார். உலகின் பெரும்பாலான சர்வர்கள் இன்றும் அதன் வழியாகத்தான் நிர்வகிக்கப்படுகின்றன. திரையை அப்படியே தொலைவில் காட்டும் வி.என்.சி. 1990-களில் கேம்பிரிட்ஜின் ஒலிவெட்டி ஆய்வகத்தில் பிறந்தது. மைக்ரோசாஃப்டின் ஆர்.டி.பி. 1998-இல் வந்தது. 2005-இல் ஜெர்மனியில் தொடங்கிய டீம்வியூவரும், 2014-இல் அதே நாட்டில் வந்த எனிடெஸ்க்கும்தான் இதைச் சிறு ஊர்களுக்குக் கொண்டு சேர்த்தன. ரூட்டரில் எந்தக் கதவையும் திறந்து வைக்காமலே இவை வேலை செய்யும். நம் பக்கத்துக் கணினி, நிறுவனத்தின் சர்வரைத் தானாகவே கூப்பிட்டுக் காத்திருக்கும். மறுமுனைக்காரரும் அதே சர்வருக்கு வருவார், அங்கே இருவரும் இணைக்கப்படுவார்கள். ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் நம் கைபேசி இணைய சேவைகளில் இந்த வழிதான் எளிதில் நடக்கிறது. ஆவுடையார்கோவிலில் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் ஓடும் மடிக்கணினியைத் திருச்சியிலிருந்து திறக்க முடிவது இதனால்தான். 2020 மார்ச் ஊரடங்குக்குப் பிறகு இந்தப் பழக்கம் எங்கும் வேர்பிடித்தது.

தேவை உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கூட்டுறவுச் சங்கங்களையே எடுத்துக்கொள்வோம். நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. கடன், உரம், நகை அடகு எல்லாம் ஒரே மென்பொருளுக்குள் வரும் காலம் இது. விதைப்பு நேரத்தில் அந்தக் கணினி இரண்டு நாள் நின்றால், உழவர் இரண்டு நாள் வாசலில் நிற்பார். இ-சேவை மையங்களிலும் இதே நிலைதான். கைரேகைக் கருவியின் டிரைவர் ஒத்துழைக்காமல் போவது அங்கே வழக்கமான தொல்லை. சான்றிதழுக்காகப் பத்துக் கிலோமீட்டர் வந்தவரை நாளை வரச் சொன்னால் அவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களில் கணினி படித்த ஆசிரியர் எல்லா ஊரிலும் இருப்பதில்லை. இவர்களுக்கெல்லாம் தொலைவிலிருந்து வரும் உதவி பெரிய வரம்.

ஆனால் இவர்களில் எத்தனை பேருக்கு ஆளில்லா அணுகல் வேண்டும்? கடையில் பில் போடுபவர் காலை முதல் இரவு வரை கணினியின் முன்தான் இருக்கிறார். இ-சேவை மையத்தில் இயக்குபவர் இல்லாமல் வேலையே இல்லை. பள்ளி ஆய்வகத்தில் மணியடித்தால் யாரேனும் ஓர் ஆசிரியர் வருவார். இந்த இடங்களில் முதல் வகையே போதும். எண்ணைப் படித்துச் சொல்ல ஒரு நிமிடம் ஆகும், அவ்வளவுதான். ஆளில்லா அணுகல் மெய்யாகவே தேவைப்படுவது, முன்னால் ஆள் உட்காராத இயந்திரங்களுக்கு: பல கணினிகளுக்குப் பொதுவான சர்வர், இரவில் பேக்கப் எடுக்கும் பெட்டி, கண்காணிப்புக் கேமராப் பதிவு, பேருந்து நிலைய அறிவிப்புத் திரை. நம் ஊர்களில் நிரந்தரக் கடவுச்சொல் வைக்கப்படுவதோ பெரும்பாலும் சர்வீஸ் இன்ஜினியரின் வசதிக்காக. "ஒவ்வொரு தடவையும் உங்களக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண வேணாம்ல, நானே பாஸ்வேர்ட் போட்டுக்கறேன்" என்பார். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். வாடிக்கையாளர் பத்துப் பேருக்கும் ஒரே கடவுச்சொல்லைப் போட்டுவிடுவார், நினைவில் வைக்க எளிதென்று. ஆபத்து அங்கே தொடங்குகிறது.

அந்த ஆபத்தின் அளவைக் காட்ட அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஓல்ட்ஸ்மர் என்ற சிற்றூரின் கதையை விரிவாகச் சொல்ல வேண்டும். மக்கள் தொகை 15,000 அளவிலான ஊர், நம் அறந்தாங்கியைவிடச் சிறியது. 2021 பிப்ரவரி 5 அன்று அந்த ஊர்க் குடிநீர் நிலையத்தில் பணியிலிருந்தவர், திரையில் மவுஸ் தானே நகர்வதைப் பார்த்தார். தண்ணீரில் கலக்கும் சோடியம் ஹைட்ராக்சைடின் அளவு பத்து லட்சத்துக்கு 100 பங்கிலிருந்து 11,100 பங்காக மாற்றப்பட்டது. அவர் உடனே பழையபடி திருத்தியதால் ஊருக்குக் கேடு வரவில்லை. விசாரணையில் வெளிவந்த நிலைமை நம்மூர் அலுவலகங்களை நினைவூட்டும்: பழைய விண்டோஸ் 7 கணினிகள், எல்லாவற்றிலும் டீம்வியூவர், எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல். அந்த மென்பொருளைப் பயன்படுத்துவதை நிலையம் சில மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தது, நீக்கத்தான் இல்லை.

இரண்டாண்டு கழித்து, 2023-இல், அந்த ஊரின் முன்னாள் நகர மேலாளர், வெளியிலிருந்து யாரும் நுழையவில்லை, ஊழியரின் தவறாகவே இருக்கலாம் என்றார். இதைக் கேட்டு, அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை என்று சிலர் எழுதினார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. உள்ளூர் ஊழியரா, வெளிநாட்டுத் திருடரா என்று இரண்டு ஆண்டாகியும் உறுதியாகச் சொல்ல முடியாத நிலையல்லவா இது! எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் என்றால் யார் வந்தார் என்பதற்கு எந்தத் தடயமும் நிற்காது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நகைக் கடன் கணக்கு ஒன்று இரவில் திருத்தப்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். செயலாளரின் பெயரில் உள்நுழைவு, பொதுவான ரிமோட் கடவுச்சொல், மென்பொருள் நிறுவனத்தில் வேலையை விட்டுப் போன மூன்று இளைஞர்களுக்கும் அது தெரியும். பழி செயலாளர் தலையில்தான் விழும். தான் செய்யவில்லை என்று நிரூபிக்க அவரிடம் என்ன இருக்கிறது?

நகைப் பெட்டகத்துக்கு இதே சங்கங்கள் எவ்வளவு கவனமாக ஏற்பாடு செய்கின்றன! இரட்டைச் சாவி. ஒன்று செயலாளரிடம், இன்னொன்று வேறொரு பொறுப்பாளரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும், திறந்த நேரம் பதிவேட்டில் ஏறும். பெட்டகம் செய்து கொடுத்த கம்பெனிக்காரர் மூன்றாவது சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்கிறேன் என்றால் எந்தச் சங்கமும் ஒப்பாது. அந்த நகைகளின் கணக்கு முழுவதும் இருக்கும் கணினிக்கு மட்டும் அப்படி ஒரு சாவியைக் கேள்வி இல்லாமல் கொடுத்துவிடுகிறோம்.

மென்பொருள் வழங்குபவரின் பக்கம் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. 2021 ஜூலை 2 அன்று கசேயா நிறுவனத்தின் தொலைநிர்வாக மென்பொருள் வழியாகப் பரவிய பிணைத்தொகை வைரஸ் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்), உலகெங்கும் 1,500 வரையிலான நிறுவனங்களைத் தாக்கியது. ஸ்வீடனில் கூப் என்ற கூட்டுறவுப் பல்பொருள் அங்காடி, கல்லாப் பெட்டிகள் இயங்காததால் நூற்றுக்கணக்கான கடைகளை மூடியது. 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் தன் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததை ஒப்புக்கொண்டு சான்றிதழ்களை மாற்றியது. நம் நாட்டில் 2024 ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பம் வழங்கும் சி-எட்ஜ் நிறுவனம் பிணைத்தொகை வைரஸால் தாக்கப்பட்டது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அதைத் தன் வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்குப் பணப் பரிமாற்றம் நின்றது. சி-எட்ஜ் தாக்கப்பட்டது ரிமோட் மென்பொருளால் என்று நான் சொல்லவில்லை. பலருக்குப் பொதுவான ஒரு சேவையாளர் விழுந்தால், எந்தத் தவறும் செய்யாத சின்னச் சின்ன நிறுவனங்களும் சேர்ந்து விழும் என்பதே அதிலிருந்து நாம் பெற வேண்டியது.

ஆர்.டி.பி.-யை நேரடியாக இணையத்துக்குத் திறந்து வைப்பது இவை எல்லாவற்றிலும் மோசமானது. அதன் வழக்கமான கதவு எண் 3389. உலகெங்கும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக அந்தக் கதவைத் தட்டிக் கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டிருக்கின்றன. பிணைத்தொகை வைரஸ்களின் முதல் நுழைவில் 70 முதல் 80 விழுக்காடு இந்த வழியாகத்தான் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் 2020 பிப்ரவரியில் ஒரு மாநாட்டில் சொன்னார். நிலையான முகவரி வாங்கி, டேலி கணக்கு மென்பொருளின் சர்வரை வெளியிலிருந்து பார்க்கும்படி இப்படித் திறந்து வைத்திருக்கும் கடைக்காரர்கள் இதைப் படித்தால், இன்றே மூடச் சொல்லுங்கள். வி.பி.என். என்ற பாதுகாப்புக் குழாய்க்குள் அதை வைத்தால் அதே வசதி கிடைக்கும், கதவு வெளியே தெரியாது.

ஏழை வாடிக்கையாளரைப் பாதிக்கும் இன்னொரு வழக்கம் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. டீம்வியூவர் போன்றவற்றின் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும். தொழிலுக்குப் பயன்படுத்துவதாகச் சந்தேகம் வந்தால் சில நிமிடங்களில் இணைப்பைத் துண்டித்துவிடும். உடனே தொழில்நுட்பர் எனிடெஸ்க்குக்கு மாறுகிறார், அதுவும் மறித்தால் வியட்நாமிலிருந்து வரும் அல்ட்ராவியூவருக்கு. முன்னது நீக்கப்படுவதில்லை. சிறு கடையின் கணினியில் மூன்று ரிமோட் மென்பொருள்கள் தங்கிவிடுகின்றன, மூன்றுக்கும் ஒரே நிரந்தரக் கடவுச்சொல். ஓல்ட்ஸ்மரில் ஒன்று, இங்கே மூன்று. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் கேட்கும் சிறு தொழில்நுட்பரிடம், ஆண்டுக்குப் பல ஆயிரம் உரிமக் கட்டணம் கட்டச் சொல்வது நியாயமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விடையும் இருக்கிறது. ரஸ்ட்டெஸ்க், மெஷ்சென்ட்ரல் ஆகியவை திறமூல மென்பொருள்கள். மாவட்டத்தின் பத்துத் தொழில்நுட்பர்கள் சேர்ந்து ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்தால், தங்கள் வாடிக்கையாளர்கள் அனைவரையும் அதில் வைத்துக்கொள்ளலாம். இணைப்பு வெளிநாட்டு நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போக வேண்டியதும் இல்லை. கட்டணம் கட்டி நிம்மதியாக இருக்க விரும்புவோருக்கு, தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் ஜோஹோவின் அசிஸ்ட் இருக்கிறது.

அமைக்கத்தான் வேண்டும் என்றால் எப்படி அமைப்பது? முதலில் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். மின்வெட்டுக்குப் பின் கணினி தானாக எழும்படி பயாஸில் ஓர் அமைப்பு உண்டு, அதை இயக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண். உறக்க நிலையை அணைக்க வேண்டும், வைஃபையைவிடக் கம்பி இணைப்பு நல்லது, யு.பி.எஸ். பேட்டரி உயிரோடு இருக்க வேண்டும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் ஆர்.டி.பி. வழியாக உள்ளே வர முடியாது என்பதைப் பலர் வாங்கிய பிறகே அறிகிறார்கள். பாதுகாப்பில் சமரசமே கூடாத சில உண்டு. ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கடவுச்சொல், கைபேசிக்கு வரும் இரண்டாம் உறுதிப்பாடு, குறிப்பிட்ட கணினிகளிலிருந்து மட்டுமே நுழைய முடியும் என்ற அனுமதிப் பட்டியல். இந்தப் பட்டியல் வசதி முன்னணி மென்பொருள்கள் பலவற்றில் இருக்கிறது, அதைத் தொடுபவர்தான் குறைவு. தொழில்நுட்பருக்கென்று விண்டோஸில் அவர் பெயரிலேயே தனிக் கணக்கு இருக்கட்டும். வேலை முடிந்ததும் திரை தானாகப் பூட்டிக்கொள்ளட்டும். தமிழில் தட்டச்சு செய்வோருக்கு ஒரு சிறு குறிப்பு: இரு முனைகளிலும் தமிழ் விசைப்பலகை மென்பொருள் இயங்கினால் எழுத்து குழம்பிவிடும், ஒரு முனையில் ஆங்கிலத்தில் வைக்க வேண்டும்.

எந்த நிலையிலும் ஆளில்லா அணுகல் கூடாத கணினிகளும் உண்டு. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைக் காலையில் செருகி மாலை வரை எடுக்காத அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். டோக்கன் செருகியிருக்க, அதன் ரகசிய எண்ணும் மேசையில் ஒட்டிய தாளில் இருந்தால், ரிமோட்டில் வருபவர் அந்த அதிகாரியாகவே கையெழுத்திடலாம். வங்கிப் பரிமாற்றம் செய்யும் கணினிக்கும் இதே விதி. பெண்கள் வீட்டிலிருந்து நடத்தும் மையங்களுக்கு இன்னும் கண்டிப்பாக. அந்த மடிக்கணினியில் கேமராவும் மைக்கும் இருக்கின்றன. யாருக்கோ எந்நேரமும் அது திறந்திருப்பதை ஒரு பெண் ஏற்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவைப் பரப்பிய அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்துப் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தது, எங்கே போகவும் இன்னொருவர் தயவை எதிர்பார்க்காமல் இருப்பதற்காக. அவர்களின் பேத்திகள் தங்கள் கணினியின் சாவியை அடுத்தவரிடம் விட்டுவைக்கக் கூடாது.

மோசடிக்காரர்கள் இதே மென்பொருளைத்தான் கையாளுகிறார்கள் என்பதும் சேர்ந்தே பேச வேண்டியது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி எனிடெஸ்க்கை இறக்கச் செய்து, ஒன்பது இலக்க எண்ணை வாங்கிக் கணக்கைத் துடைப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. "ரிமோட் எடுக்கிறேன்" என்ற சொல்லுக்கு ஊர் பழகிப்போனதே மோசடிக்காரருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறது. உங்கள் ஊர்த் தொழில்நுட்பர் உங்களை அழைக்க வேண்டாம், நீங்கள் அவரை அழையுங்கள் என்ற ஒரே பழக்கம் இதில் பெரும்பகுதியைத் தடுக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதிக்காமல் கணினிக்குள் நுழைவது 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி இழப்பீடு தர வேண்டிய தவறு. கெட்ட நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட ஆணை, தாக்குதல்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் பதிவுகளை 180 நாள் காக்கவும் சொல்கிறது. 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்கு மிக நெருக்கமானது. மக்களின் தகவலைத் திரட்டி வைத்திருப்பவரே அதற்குப் பொறுப்பு, வேலையை வெளியாளிடம் கொடுத்திருந்தாலும் பொறுப்பு அவருடையதே. பாதுகாப்பைக் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆக, "எல்லாம் சர்வீஸ்காரருக்குத்தான் தெரியும்" என்ற பதில் சட்டத்தின் முன் நிற்காது.

தொலை அணுகல் கைவிடும் நாளையும் மறக்க முடியாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை, கைபேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. அப்படிப்பட்ட நாளில் எந்தக் கடவுச்சொல்லும் உதவாது. கணினியின் பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் ஒன்றியத்துக்கு ஒருவராவது வேண்டும். தொலைவிலிருந்து எல்லாம் ஆகிவிடும் என்று அந்த மனிதரின் பிழைப்பை நாம் அழித்துவிடக் கூடாது.

எனவே இந்த மாவட்டத்தின் சங்கச் செயலாளர்கள், தலைமையாசிரியர்கள், இ-சேவை நடத்துவோர், கடைக்காரர்கள் எல்லாரிடமும் என் வேண்டுகோள் இது. இந்த வாரமே உங்கள் கணினியில் நிறுவப்பட்ட மென்பொருள் பட்டியலைத் திறந்து பாருங்கள். பெயர் தெரியாத ரிமோட் மென்பொருள் இருந்தால் உங்கள் தொழில்நுட்பரைக் கேளுங்கள், தேவையற்றதை நீக்கச் சொல்லுங்கள். வைத்தே ஆக வேண்டியதற்கு, யார் நுழையலாம், எதற்காக, எந்தத் தேதி வரை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கடவுச்சொல்லை மாற்றும் உரிமை உங்களிடம் இருக்கட்டும், ஒப்பந்தம் முடியும் நாளில் மாற்றிவிடுங்கள். நல்ல தொழில்நுட்பர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், அவர் மீதும் வீண்பழி விழாமல் அந்தத் தாள் காக்கும். ரிமோட் வழியாகப் பணம் போய்விட்டால் முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள், பிறகு தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.